கையில் ஓர் இன்ட்டு மார்க்

1980இல் வாஷிங்டன் நகரத்தின் எஃப் தெரு, அலுவலகங்கள் விட்டதும் அடங்கிப்போகும் தெரு. வெள்ளை மாளிகை நடந்துபோகும் தூரம். லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கம் கூப்பிடு தூரம். ஆனாலும் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இருக்கவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது நகரத்தின் பல தெருக்கள் எரிந்தன. அதன் பிறகு கடைக்காரர்களும் வசதியுள்ள குடும்பங்களும் மெல்ல மெல்லப் புறநகர்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். நகரின் நடுவிலேயே பழைய கட்டடங்கள் வாடகைக்கு ஆள் கிடைக்காமல் நின்றன. அப்படி நின்றவற்றில் ஒன்று, 1888இல் கட்டப்பட்ட அட்லாண்டிக் பில்டிங். கதவு எண் 930.

அந்தக் கட்டடத்தில் 1980 மே 31 அன்று 9:30 கிளப் திறந்தது. டோடி டிசாண்டோவும் ஜான் பவர்ஸும் நடத்தினார்கள். அதே இடத்தில் அட்லாண்டிஸ் என்றொரு கிளப் அதற்கு முன்பே சில காலம் நடந்து மூடப்பட்டிருந்தது. கதவு எண்ணே கிளப்பின் பெயராயிற்று. கச்சேரி தொடங்கும் நேரமும் இரவு ஒன்பதரைதான். தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் நீண்டு போகும் இருண்ட ரேழி. அதைக் கடந்தால் ஒரு சின்ன அறை, தாழ்ந்த மேடை. பார்வையை மறைத்துக்கொண்டு ஒரு தூண் வேறு. அதன் பின்னால் மாட்டிக்கொண்டவர் கச்சேரியைக் காதால்தான் பார்க்க முடியும். அனுமதிக்கப்பட்ட கூட்டம் 199 பேர். எலித் தொல்லை உண்டு. சிந்திய பீர், வியர்வை, சிகரெட் எல்லாம் சேர்ந்து சுவரில் ஊறிய வாடை ஒன்று உண்டு. அங்கே போய்வந்தவர்கள் பாட்டை நினைவுகூர்வதற்கு முன்னால் அந்த வாடையைத்தான் நினைவுகூர்கிறார்கள்.

முதல் இரவில் நியூயார்க்கிலிருந்து வந்த லவுஞ்ச் லிசார்ட்ஸ் என்ற ஜாஸ் குழுவும், உள்ளூர்க் குழுவான டைனி டெஸ்க் யூனிட்டும் வாசித்தன. (பிற்காலத்தில் அமெரிக்கப் பொது வானொலியில் ‘டைனி டெஸ்க்’ கச்சேரிகளைத் தொடங்கிய பாப் பாய்லன் அந்தக் குழுவில் இருந்தவர்தான்.) புதுவகை இசையில் நாட்டமுள்ள பெரியவர்களுக்கான இடமாகத்தான் 9:30 தொடங்கியது என்பதற்கு இந்த முதல் இரவே சாட்சி. பங்க் இசையை அசுர வேகத்தில் வாசிக்கும் ஹார்ட்கோர் பங்க் அதன் திட்டத்திலேயே கிடையாது. அதைக் கொண்டுவந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

பங்க் இசை வாஷிங்டனுக்கு வந்த கதையில் ஒரு வானொலி நிலையத்தின் சாவு இருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஜி.டி.பி. நிலையம் மற்ற நிலையங்கள் தொடாத பாட்டுகளையெல்லாம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதன் அரசியல் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. 1979இல் நிலையத்தை மூடி, அலைவரிசையை வேறொரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நிலையத்துக்கு ஆதரவாக 1979 பிப்ரவரி 3 அன்று பல்கலைக்கழக வளாகத்தில் கிராம்ப்ஸ் குழுவின் கச்சேரி நடந்தது. அரங்கம் கொள்ளாத கூட்டம், தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் இயான் மக்காய் என்ற பதினாறு வயதுப் பையன் இருந்தான். அவனுக்கு அதுதான் முதல் பங்க் கச்சேரி. அந்த ஆண்டு முடிவதற்குள் அவனும் வில்சன் உயர்நிலைப் பள்ளி நண்பர்களும் சேர்ந்து டீன் ஐடில்ஸ் என்ற குழுவை வைத்திருந்தார்கள்.

அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது உள்ளூரிலேயே இருந்த இன்னொரு குழுவை. பேட் பிரெய்ன்ஸ். எச்.ஆர்., அவர் தம்பி ஏர்ல் ஹட்சன், டாக்டர் நோ, டேரில் ஜெனிஃபர் ஆகிய நான்கு கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பங்க் கேட்டு மனம் மாறி, அதை வேறு யாரும் வாசிக்காத வேகத்தில் வாசித்தார்கள். கை தேர்ந்த வித்வான்கள் என்பதால் அந்த வேகத்திலும் தாளம் பிசகாது. அப்போது வாஷிங்டனின் மக்கள்தொகையில் சுமார் 70 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் பங்க் கச்சேரிகளுக்கு வந்த கூட்டம் பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள். அவர்களுக்கு வேகம் என்றால் என்ன என்று காட்டியவர்கள் இந்த நால்வர். ஹார்ட்கோரின் வரலாற்றை எங்கே தொடங்கினாலும் இவர்களைத் தாண்டிப் போக முடியாது. 1981இல் அவர்கள் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து அந்த ஊரின் ஹார்ட்கோருக்கும் வித்திட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பாட வந்தது, வாசிக்க வந்தது. போய் நிற்கத்தான் இடம் வரவில்லை.

ராக் கச்சேரி நடக்கும் கிளப் என்பது அடிப்படையில் ஒரு மதுக்கடை. டிக்கெட் காசு பாண்டுக்குப் போகும். கல்லாப் பெட்டி நிறைவது பார் கவுன்ட்டரில். குடிக்காத ஒருவன் உள்ளே நின்றால், குடிக்கிற ஒருவனுக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பொருள். வாஷிங்டனில் அப்போது பீரும் ஒயினும் 18 வயதில் வாங்கலாம். மற்ற மது வகைகளுக்கு 21 ஆக வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் உள்ளே வந்தால் லாபம் ஒன்றும் கிடையாது, ஆபத்துதான் மிச்சம். யாராவது ஒருவன் மற்றவனிடம் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மாட்டிக்கொண்டால் உரிமமே போய்விடும். ஆகவே வாசலில் அடையாள அட்டையைக் கேட்பதும் திருப்பி அனுப்புவதும் எல்லா ஊரிலும் வழக்கம். மேடையில் வாசிக்கிற குழுவே வயது குறைந்தவர்களாக இருந்து, வாசித்து முடித்ததும் வெளியே போய் நிற்க வேண்டிய நிலைமைகூட உண்டு.

இதற்கான விடை நாட்டின் மறுகோடியிலிருந்து வந்தது. 1980 ஆகஸ்டில் டீன் ஐடில்ஸ் பையன்கள் பேருந்து ஏறி கலிஃபோர்னியா போனார்கள். கூடவே எடுபிடியாக வந்த நண்பர்களில் ஹென்றி கார்ஃபீல்டும் ஒருவர். அடுத்த ஆண்டே பிளாக் ஃபிளாக் குழுவில் சேர்ந்து ஹென்றி ரோலின்ஸ் என்று உலகம் அறியும் பாடகர் ஆனவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற இடம். அடிப்படையில் அது ஃபிலிப்பைன்ஸ் சாப்பாட்டு விடுதி. இரவில் பங்க் கச்சேரி. அங்கே வாசலில் நின்றவர் இந்தப் பையன்களைத் திருப்பி அனுப்பவில்லை. கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொருவரின் புறங்கையிலும் பெரிதாக ஓர் இன்ட்டு மார்க் போட்டு உள்ளே விட்டுவிட்டார். பார் கவுன்ட்டரில் அந்தக் கையை நீட்டினால் மது கிடைக்காது. அவ்வளவுதான் ஏற்பாடு.

இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் 9:30 கிளப்பில் பேசினார்கள். சட்டம் தடுப்பது குடிப்பதைத்தானே, பாட்டுக் கேட்பதை இல்லையே. எங்கள் கையில் இன்ட்டு போட்டு உள்ளே விடுங்கள், எவனாவது குடித்து மாட்டினால் எங்கள் எல்லோரையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடுங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த வாதத்தின் சாரம். கிளப் ஒப்புக்கொண்டது. 1980 நவம்பர் 6 அன்று, எஸ்.வி.டி. என்ற குழுவுக்கு முன்னால் டீன் ஐடில்ஸ் அங்கே வாசித்தார்கள். ரொனால்டு ரீகன் தேர்தலில் வென்று இரண்டு நாள் ஆகியிருந்தது. அதுவே டீன் ஐடில்ஸின் கடைசிக் கச்சேரியும்.

ஹார்ட்கோரைப் பற்றி எழுதுகிறவர்கள் பாண்டுகளைப் பற்றி எழுதுவார்கள், இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவார்கள், கோபத்தைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் நியாயமே. என்னைக் கேட்டால் வாஷிங்டன் ஹார்ட்கோரின் தலையெழுத்தை மாற்றியது அந்த வாசலில் எடுத்த முடிவு. நல்ல பாட்டு எந்த ஊரிலும் யாராவது எழுதுவார்கள். பதினைந்து வயதில் அதைக் கேட்டு, மறுநாளே நண்பனைப் பிடித்து, அடுத்த மாதம் அதே மேடையில் ஏற வேண்டுமானால், கேட்கிற இடத்துக்குள் நுழைய முடிந்திருக்க வேண்டும். டீன் ஐடில்ஸ் கலைந்த சில வாரங்களில் மக்காயும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் மைனர் திரெட் குழுவைத் தொடங்கினார்கள். அதில் பாஸ் கிடார் வாசித்த பிரையன் பேக்கருக்கு அப்போது வயது 15. வயது வந்தவர்களுக்கு மட்டும் திறக்கிற ஊரில் அந்தக் குழு தன் கச்சேரிக்கே உள்ளே போயிருக்க முடியாது.

கிளப் தன் பங்குக்கு வேறு வழிகளும் செய்தது. மூன்று டாலருக்கு மூன்று குழுக்கள் என்று நிகழ்ச்சிகள் வைத்தார்கள். ஐஸ்கிரீம் கடையிலும் செல்லப்பிராணிக் கடையிலும் பகுதிநேர வேலை பார்க்கிற பிள்ளைகளால் கொடுக்க முடிந்த காசு அது. இரவில் வர முடியாதவர்களுக்கு மேட்னி ஷோ. பகலில் ஹார்ட்கோர், இரவில் குடிக்கிற கூட்டத்துக்கு வேறு இசை என்று ஒரே நாளில் இரண்டு வியாபாரம். மேட்னியை வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கச்சேரி முடிந்து கடைசிப் பேருந்துக்கு முன்னால் வீடு திரும்பலாம் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் அனுமதி கிடைத்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால், அந்தப் பகல் நேரத்தின் மதிப்பு புரியும்.

1983 ஜூன் 23 அன்று மைனர் திரெட் 9:30இல் வாசித்தது படமாக்கப்பட்டிருக்கிறது. பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே இடைவெளி என்பதே இல்லை. ஒரு பையன் மேடையேறுகிறான், மைக்கில் வாய் வைத்து ஒரு வரி கத்துகிறான், அப்படியே கூட்டத்தின் தலைகள்மேல் விழுகிறான். அவன் விழுந்த இடத்திலிருந்து இன்னொருவன் ஏறுகிறான். மக்காய் மைக்கைத் தன் வாயருகே வைத்திருக்கிற நேரத்துக்குச் சமமாகக் கூட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறார். வியர்வையில் எல்லோருடைய சட்டையும் உடம்போடு ஒட்டியிருக்கிறது. யார் பாடகர், யார் ரசிகர் என்று சில நொடிகளுக்குத் தெரியாமல் போகிறது. தாழ்ந்த மேடையும் சிறிய அறையும் அதற்கு உடந்தை. ஐயாயிரம் பேர் கூடும் அரங்கில் இப்படி ஒன்று நடக்காது.

டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் சம்பாதித்ததைப் பிரித்துக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். குழு கலைந்தபோது சில நூறு டாலர் சேர்ந்திருந்தது. பங்கு போடுவதா, ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருந்த பாட்டுகளை இசைத்தட்டாகப் போடுவதா என்று யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பதிவு நடந்த இடம் ஆர்லிங்டனில் டான் ஸியென்டாரா என்பவருடைய வீட்டின் நிலவறை. 1980 டிசம்பரில் ‘மைனர் டிஸ்டர்பன்ஸ்’ என்ற ஏழு அங்குலத் தட்டு ஆயிரம் பிரதி வெளியானது. அதைப் போடுவதற்கென்றே அவர்கள் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் இன்றும் நடக்கிறது.

தட்டு அடித்து வந்துவிட்டது, உறை வேண்டுமே. கடையில் வாங்கிய ஓர் இசைத்தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்து, விரித்து, அதன் வடிவத்தை அப்படியே தாளில் வரைந்துகொண்டார்கள். அந்த அளவில் அச்சடித்த தாள்களைத் தரையில் உட்கார்ந்து கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். பள்ளிக்கூட நண்பர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து செய்த வேலை. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான உறைகள் இப்படியே கையால் ஒட்டப்பட்டன. அந்த முதல் உறையின்மேல் இருக்கும் படம், குறுக்காக வைத்த இரண்டு கைகள், முஷ்டி மடக்கியிருக்கிறது, இரண்டு புறங்கையிலும் கறுப்பு இன்ட்டு மார்க். இயானின் தம்பி அலெக்கின் கைகள் அவை.

அந்தப் படம் போன வழியெல்லாம் குறியும் போனது. 1981இல் மைனர் திரெட்டின் முதல் தட்டில் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்று ஒரு பாட்டு. ஒரு நிமிடம்கூட ஓடாது. குடிக்காமலும் போதைப்பொருள் தொடாமலும் இருப்பதைத் தலைநிமிர்ந்து சொன்ன பாட்டு. குடிக்கத் தகுதியில்லாதவன் என்று மதுக்கடைக்காரர் போட்ட அடையாளத்தை, குடிக்க மாட்டேன் என்று தாங்களாகவே போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் உண்டானார்கள். வயது வந்த பிறகும் வீட்டிலேயே மார்க்கர் பேனாவால் போட்டுக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பினார்கள். பாஸ்டனில் எஸ்.எஸ்.டி. குழு அதைத் தூக்கிப் பிடித்தது. நியூயார்க்கில் யூத் ஆஃப் டுடே போன்ற குழுக்கள். பிறகு ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆசியா. சில ஊர்களில் அது முரட்டுக் கட்டுப்பாடாகவும் மாறியது. குடிக்கிறவனை அடிக்கும் அளவுக்குப் போனவர்கள் இருந்தார்கள். தனக்கு அப்படி ஓர் இயக்கம் தொடங்கும் எண்ணமே இருந்ததில்லை, தன் வாழ்க்கையைப் பற்றி மட்டும்தான் பாடினேன் என்று மக்காய் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். நம்பலாம் என்றே நினைக்கிறேன். பாட்டைவிடக் குறி வேகமாகப் பயணம் செய்தது, அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

இந்தக் காட்சியில் அழகில்லாத பகுதியும் இருந்தது. ஸ்லாம் டான்ஸ் என்று ஒருவரையொருவர் மோதி ஆடும் ஆட்டம் போகப்போக அடிதடியாகத் திரும்பியது. மேடைக்கு முன்னால் நிற்க முடியாமல் பெண்பிள்ளைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஷேரன் செஸ்லோ முதலானோர் 1981இல் சாக் சர்க்கிள் என்று பெண்கள் மட்டுமே உள்ள குழுவைத் தொடங்கினார்கள். டிஸ்கார்டின் தொடக்ககாலத் தட்டுகள் எதிலும் அவர்கள் இடம்பெறவில்லை. பல ஆண்டுகள் கழித்து 1988இல் ‘பேண்ட் இன் டிசி’ என்ற புகைப்பட நூல் வெளிவந்தபோதுதான் அந்தக் காலத்தின் முகங்கள் முழுதாகப் பதிவாயின. அதைத் தொகுத்தவர்கள் சிந்தியா கனோலி, லெஸ்லி கிளேக், ஷேரன் செஸ்லோ என்ற மூன்று பெண்கள். எல்லோருக்கும் திறந்த கதவு என்று நான் மேலே எழுதியது வயதைப் பொறுத்தவரை உண்மை. உள்ளே நுழைந்த பிறகு எல்லோருக்கும் ஒரே இடம் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு கிளப் மட்டுமே ஒரு காட்சியைச் சுமந்துவிடவில்லை. 9:30 பெரிய குழுக்களைக் கூப்பிடத் தொடங்க, ஹார்ட்கோர் பிள்ளைகள் வேறு இடங்களையும் தேடிக்கொண்டார்கள். சில தெருக்கள் தள்ளி டி.சி. ஸ்பேஸ். பழைய தேவாலயக் கட்டடத்தில் வில்சன் சென்டர். தாங்களாகவே கூடம் பிடித்து, தாங்களாகவே ஒலிபெருக்கி கொண்டுவந்து, தாங்களாகவே வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார்கள். 9:30 வாசலில் பழகிய ஒழுங்கு அங்கேயும் தொடர்ந்தது: வயது பார்க்காதே, விலையைக் குறைத்து வை. 1983 செப்டம்பர் 23 அன்று மைனர் திரெட்டின் கடைசிக் கச்சேரி லான்ஸ்பர்க் கலை மையத்தில் நடந்தபோது, அதே மேடையில் ட்ரபிள் ஃபங்க் குழுவும் இருந்தது. வாஷிங்டனின் கறுப்பினக் குடியிருப்புகளில் பிறந்த கோ-கோ இசையின் முன்னணிக் குழு அது. ஒரே நகரத்தில் அருகருகே வாழ்ந்தும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கூட்டங்கள் அன்றைக்கு ஒரே கூரையின்கீழ் நின்றன. அப்படிப்பட்ட இரவுகள் அதிகம் நடக்கவில்லை என்பது என் வருத்தம்.

1985 கோடையில் அடிதடியை வெறுத்த குழுக்கள் ஒதுங்கி, புதிதாகத் தொடங்கின. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற குழுக்கள் வேகத்தைக் குறைத்து மனத்தைத் திறந்தன. அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு வெளியே நிறவெறிக்கு எதிராகப் பிள்ளைகள் டிரம்களையும் பீப்பாய்களையும் தட்டிப் போராடினார்கள். பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற தொண்டர் குழு, கச்சேரி நடத்தி வரும் காசை வீடற்றோருக்கான அமைப்புகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் கொடுத்தது. 1987 செப்டம்பர் 3 அன்று மக்காயின் அடுத்த குழுவான ஃபுகாஸி வில்சன் சென்டரில் முதன்முதலாக வாசித்தது. உலகம் முழுக்கச் சுற்றியபோதும் ஃபுகாஸி விடாமல் பிடித்த நிபந்தனைகள் இரண்டு: டிக்கெட் ஐந்து டாலர் அளவில் இருக்க வேண்டும், எல்லா வயதினரையும் உள்ளே விட வேண்டும். பெரிய அரங்கக்காரர்கள் முரண்டு பிடித்தால் உடற்பயிற்சிக் கூடத்திலோ சமூகக் கூடத்திலோ வாசித்துவிட்டுப் போவார்கள். 1980இல் ஒரு கிளப் வாசலில் கெஞ்சிப் பெற்ற சலுகை, ஏழெட்டு ஆண்டுகளில் அந்தப் பையன்களே மற்றவர்களுக்கு விதிக்கும் நிபந்தனையாகியிருந்தது.

9:30 கிளப் 1986இல் சேத் ஹர்விட்ஸ், ரிச் ஹைனெக்கி ஆகியோர் கைக்கு மாறியது. 1995 முடிவோடு எஃப் தெருவை விட்டுக் கிளம்பி, 1996 ஜனவரியில் வி தெருவில் ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கமாகத் திறந்தது. ஹார்ட்கோர் குழுக்களில் டிரம்ஸ் வாசித்த டான்டே ஃபெராண்டோ 1993இலேயே பிளாக் கேட் என்ற கிளப்பைத் தொடங்கிவிட்டார். வர்ஜீனியா புறநகரிலிருந்து வந்து பழைய 9:30இல் கச்சேரி பார்த்து வளர்ந்து, ஸ்க்ரீம் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு நிர்வாணாவில் சேர்ந்த டேவ் குரோல், 2023 மே மாதம் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவோடு திரும்பி வந்து ஒரு புதிய சிற்றரங்கைத் திறந்துவைத்தார். பழைய எஃப் தெரு கிளப்பை மாதிரியாக வைத்து, இன்றைய 9:30க்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறார்கள். பெயர், அட்லாண்டிஸ்.

வாசலைப் பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை. 2007இல் வாஷிங்டனில் ஓர் இரவு விடுதியில் பதின்வயதுப் பெண் ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். மது விற்கும் கேளிக்கை இடங்களுக்குள் இளவயதினரை இரவில் விடவே கூடாது என்று நகர மன்றத்தில் யோசனை எழுந்தது. அந்தத் துயரத்தின் முன்னால் மறுத்துப் பேசுவது எளிதல்ல. ஆனாலும் இசைக்கலைஞர்களும் கிளப் நடத்துகிறவர்களும் எதிர்த்தார்கள். தாங்கள் பதினைந்து வயதில் எங்கே நின்று பாட்டுக் கேட்டோம், அது தங்களை எதிலிருந்து காப்பாற்றியது என்று எடுத்துச் சொன்னார்கள். அவர்களில் பலர் அப்போது நாற்பதைக் கடந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். கச்சேரி அரங்குகளின் கதவு சிறுவர்களுக்கு மூடப்படவில்லை. 9:30இலும் பிளாக் கேட்டிலும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி டிக்கெட்டை நீட்டி உள்ளே போகலாம். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நிற்கலாம்.